பத்து கிலோமீட்டர் வட்டமும் ஒரு மாநில எல்லையும்

போடிப் பக்கத்து மலையடிவாரத்தில் பொட்டிப்புரம் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. அந்த மலைக்குள் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை போட்டு, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு குகையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவியை நிறுத்துவதுதான் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத் திட்டம். 2018 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கு அனுமதி கொடுத்தது. எந்தெந்தத் திட்டத்துக்கு அனுமதி வேண்டும் என்று பட்டியலிடும் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் எந்த வரிசையில் வைத்துக் கொடுத்தது தெரியுமா? 8(ஏ). அது கட்டடங்களுக்கான வரிசை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்புள்ள ஷாப்பிங் மால், அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலக வளாகம் எல்லாம் வந்து நிற்கும் இடம்.

அமைச்சகத்தைக் கேட்டால் அதற்கும் ஒரு பதில் உண்டு. மலைக்குள் ஆய்வகம் என்று அட்டவணையில் தனி வரிசை கிடையாது. ஆகவே சிறப்பு நேர்வாகக் கருதி, இருப்பதில் பொருந்துவதில் சேர்த்தார்கள். சரி. ஆனால் எந்த வரிசை என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும். 8ஆம் வரிசையில் வரும் கட்டுமானங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று 2006ஆம் ஆண்டு அறிவிக்கையே விலக்கு கொடுத்திருக்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றதும் காற்றில் எவ்வளவு தூசி, கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று கருவி வைத்து அளப்பதுதான் நினைவுக்கு வரும். எல்லையோரத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு, கருவியை இறக்குவதற்கு முன்பே போடப்படும் கோடுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. எந்த வரிசை, எத்தனை கிலோமீட்டர், எந்த மாதம், எந்த மாநிலம் என்ற கோடுகள். கோட்டுக்குள் அளப்பதை ஒருவர் மிக நேர்மையாகவே செய்துவிடலாம். கோட்டுக்கு வெளியே விழுந்தது எந்தப் பக்கத்திலும் அச்சாகாது.

இந்த மதிப்பீட்டு வழக்கம் அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான சட்டத்தில் தொடங்கியது. இந்தியாவில் 1970களின் பிற்பாதியில் அணைத் திட்டங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க ஆரம்பித்தார்கள். பாலக்காட்டு மலையில், குந்திப்புழாவின் குறுக்கே கேரள மின்வாரியம் கட்ட நினைத்த சைலன்ட் வேலி அணைதான் அந்தக் காலத்துப் பெரிய சண்டை. சிங்கவால் குரங்கை நாட்டுக்கே அறிமுகப்படுத்திய சண்டை என்றும் சொல்லலாம். மதிப்பீடு கட்டாயம் என்று அப்போது சட்டம் இல்லை. ஆசிரியர்கள், அறிவியலாளர்கள், எழுத்தாளர்கள் எழுப்பிய கேள்விகளே மதிப்பீட்டின் வேலையைச் செய்தன. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் போபால் விபத்து, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 1994 ஜனவரியில் முதல் அறிவிக்கை, 2006 செப்டம்பர் 14இல் இப்போது நடைமுறையில் இருக்கும் அறிவிக்கை. வரலாறு இவ்வளவு போதும்.

இந்த அறிவிக்கை திட்டங்களை ‘ஏ’, ‘பி’ என்று பிரிக்கிறது. ‘ஏ’ டெல்லிக்குப் போகும். ‘பி’ மாநில ஆணையத்திடம் போகும். அதிலும் ‘பி2’ என்று முத்திரை விழுந்துவிட்டால் முழு அறிக்கையே தேவையில்லை. எல்லையோரத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இதில் இருக்கிறது. பொது நிபந்தனை என்று பெயர். ‘பி’ பிரிவுத் திட்டம் ஒன்று மாநில எல்லைக்கோ, பாதுகாக்கப்பட்ட காட்டுக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் அதை ‘ஏ’ என்று கருதி டெல்லிதான் பரிசீலிக்க வேண்டும். அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பும்போது அண்ணன் மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிற மாதிரி. முதலில் அந்தத் தூரம் 10 கிலோமீட்டராக இருந்தது. 2014இல் 5 ஆக்கினார்கள். அதற்கு முன்பே, பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட காடு ஏதும் இல்லாத இடத்தில், இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டால் மாநில எல்லைத் தூரத்தைக் குறைக்கலாம், அடியோடு எடுத்தும் விடலாம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

பொட்டிப்புரத்துக்கு வருவோம். இந்தத் திட்டம் முதலில் நீலகிரியின் சிங்காராவுக்குத்தான் போயிற்று. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் 2009இல் அங்கே வேண்டாம் என்று ஆனது. பிறகு போடி மலைக்கு வந்தார்கள். 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்த 2011 அனுமதியை நிறுத்திவைத்துப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. காரணங்களில் இரண்டு முக்கியம். மதிப்பீட்டைச் செய்த நிறுவனம் பறவையியலில் பேர்பெற்ற கோவை சலீம் அலி மையம்; ஆனால் மதிப்பீடு செய்வதற்கான அங்கீகாரம் அதனிடம் இல்லை. இன்னொன்று, மலைக்கு அந்தப் பக்கம், 5 கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருந்தது.

மதிகெட்டான் சோலை வெறும் 12.82 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே போனவன் மதி கெட்டு வழி தெரியாமல் அலைவான் என்பதால் அந்தப் பெயர் என்று ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்தச் சோலை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். காகிதத்தில் அதைக் கவனிக்கத்தான் ஆறு வருடம் ஆயிற்று.

அதன்பிறகுதான் 2018இன் ‘கட்டட’ அனுமதி. அதே வருடம் நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றுக்கொண்டது, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றது. 2022இல் தமிழ்நாடு அரசு, இந்த மலைத்தொடர் பெரியாறு காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் என்று சொல்லி உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை இன்னும் குடையப்படவில்லை.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாட்களில் டீக்கடை முதல் மேடை வரை பேசப்பட்டதில் பெரும்பகுதி நியூட்ரினோவால் என்ன ஆகும் என்பதுதான். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் போய்க்கொண்டிருக்கின்றன. நமக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏலச்செடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னும் சாதாரணமானது. குகையை மட்டும் பெருக்கிப் பாருங்கள்: 68,640 கன மீட்டர். இந்த மலையின் சார்னோகைட் பாறை கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். ஆகக் குகையிலிருந்து மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் டன்னுக்கு மேல் கல் வெளியே வரும். சுரங்கப்பாதைக் கல் தனி. அதை எங்கே கொட்டுவது, எந்த ரோட்டில் எத்தனை டிப்பர், எந்த நேரத்தில் வெடி, வெடித்த அதிர்வில் ஊற்றுக்கண் என்ன ஆகும், கொட்டகுடி ஆற்றுக்கு வரும் ஓடைகளில் தூசி இறங்குமா? மதிப்பீடு என்பது இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான் இருக்கிறது. கதிர்வீச்சுப் பயத்துக்கு விஞ்ஞானிகள் எளிதில் பதில் சொல்லிவிட்டார்கள், டிப்பர் கேள்வி கூட்டத்தில் கரைந்துபோனது.

அடுத்த கோடு, வட்டம். வழக்கமாக மதிப்பீட்டு அறிக்கைகளில் திட்ட இடத்தை நடுவில் வைத்து 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைவார்கள். உள்ளே இருக்கும் ஊர், குளம், கிணறு, மரம், பறவை எல்லாவற்றையும் பட்டியல் போடுவார்கள். சமவெளியில் இதில் பெரிய குறை இல்லை. மலையில் வட்டம் ஒரு பொய்யான உருவம். நீர் வட்டமாக ஓடாது, சரிவைப் பார்த்து ஓடும், மிருகமும் அப்படித்தான்.

அரிக்கொம்பனை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற யானை. 2023 ஏப்ரல் 29இல் கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27 அன்று கம்பம் தெருக்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5இல் தமிழ்நாடு பிடித்து களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. மலையின் இந்தச் சரிவும் அந்தச் சரிவும் ஒரே காடு என்பதை எந்த அறிக்கையையும்விட அந்த யானை தெளிவாகக் காட்டிவிட்டுப் போனது. இதே மலையில் ஏதோ ஒரு கட்டுமானத்துக்கு அறிக்கை எழுதியிருந்தால், வட்டத்துக்குள் யானை நடமாட்டம் காணப்படவில்லை என்று ஒரு வரி வந்திருக்கும். ஆய்வு நடந்த வாரத்துக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

மூன்றாவது, மாதம். அடிப்படை நிலவரம் என்று ஒன்றை எடுப்பார்கள்: திட்டம் வருவதற்கு முன் காற்று, நீர், மண், சத்தம் எப்படி இருந்தன என்ற கணக்கு. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தில் அளந்தால் போதும். மழைக்காலம் என்றால் தென்மேற்குப் பருவம் என்ற எண்ணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒதுக்கிவிட்டு, மார்ச் முதல் மே வரை அளப்பது வாடிக்கை. கம்பம் பள்ளத்தாக்கில் இது எப்படி அபத்தமாகிறது பாருங்கள். இங்கே ஆனி, ஆடியில் சாரல்தான். நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் அந்த ஆடி மாதத்தில்தான் மேற்கே கணவாய்களின் வழியாகக் காற்று இறங்கி அடிக்கும். ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டதே அதற்காக. கல்லை உடைக்கும் ஒரு கிரஷரின் தூசி யார் வீட்டு நெல்லில் விழும் என்று தெரிய வேண்டுமானால் ஆடியில் அளக்க வேண்டும். ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய வேண்டுமானால் ஐப்பசியில். சித்திரையில் அளந்தால் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் நடந்த ஒரு கல்குவாரிக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வீடியோ கேமரா, வடையும் டீயும். ஆலோசகர் நிறுவனத்துத் தம்பி திரையில் படங்களைக் காட்டி, அருகிலுள்ள ஓடையில் நீரோட்டம் இல்லை என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: “ஏஞ்சாமி, ஐப்பசியில வந்து பாத்தீகளா? அப்ப அதுல இறங்கி நடக்க முடியாது, எம்புட்டுத் தண்ணி போகும்னு தெரியுமா?” அந்தத் தம்பி பாவம், “கோடையிலதாம்மா எடுக்கச் சொல்லியிருக்கு” என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியது. பதில் என்ற கட்டத்தில், விதிமுறைகளின்படி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது என்று எழுதியிருந்தார்கள்.

கருத்துக் கேட்பு என்பது வாக்கெடுப்பு அல்ல. இது பலருக்கும் தெரியாது. ஊரே வேண்டாம் என்றாலும் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கலாம். முப்பது நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை, முழுக்க வீடியோ பதிவு, கடைசியில் குறிப்பை வட்டார மொழியில் வாசித்துக்காட்டல் என்பவை கட்டாயம். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது. கூட்டம் திட்டம் இருக்கும் மாவட்டத்தில் நடக்கும். வட்டத்தின் மறுபாதி அடுத்த மாநிலத்தில் விழுந்தால் அங்கே யார் ஷாமியானா போடுவார்கள்?

சுருக்க அறிக்கையை வட்டார மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்த வட்டார மொழி மலையாளமாக வந்து சேரும். இந்த மொழிச் சிக்கல் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கலாம். மதிப்பீட்டு விதிகளையே மாற்றும் வரைவு, கொரோனா முடக்கத்தின் நடுவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

இனி கல். கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுமார் மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர் போட்டார்கள். அதற்கு வேண்டிய பாறையில் ஒரு பகுதி கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து போனது. துறைமுகத்தின் மதிப்பீட்டில் மீன், மணல், கரையரிப்பு எல்லாம் உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2016இல் நிபந்தனைகளோடு தீர்ந்த விவகாரம் அது. ஆனால் சுவருக்குள் போய்ச் சேர்ந்த குன்று எந்த ஊர்க்காரருடையதோ, அந்த ஊருக்கு அது துறைமுகத் திட்டமே இல்லை. அங்கே அது ஒரு தனிக் குவாரி, தனி விண்ணப்பம், தனி அனுமதி. கட்டடம் ஒரு மாநிலத்தில், பள்ளம் இன்னொரு மாநிலத்தில். இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் சந்திப்பதே இல்லை. புளியரைச் சோதனைச்சாவடியிலும் களியக்காவிளையிலும் வரிசையில் நிற்கும் எம்-சாண்ட் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

குவாரி விண்ணப்பங்களில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஐந்து ஹெக்டேருக்குள் இருந்தால் கெடுபிடி குறைவு என்பதால், நான்கு புள்ளி சொச்சம் ஹெக்டேராகப் பிரித்து அடுத்தடுத்து விண்ணப்பிப்பது. 2012இல் உச்ச நீதிமன்றம் சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கணக்கிட வேண்டும் என்ற விதி பின்னால் வந்தது. விதி வந்ததும் 500 மீட்டருக்குச் சற்று வெளியே அடுத்த குவாரியைத் தேடுவதும் வந்தது.

சாலைகளுக்கும் இதே மாதிரி ஒரு கோடு. ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை 100 கிலோமீட்டருக்கு மேல் விரிவாக்கினால்தான் அனுமதி கேட்க வேண்டும் என்று 2013இல் திருத்தினார்கள். மூணாறு–போடிமெட்டு சாலை 42 கிலோமீட்டர். அகலப்படுத்தும்போது 2019இலும் 2020இலும் அதன் கேப் ரோடு பகுதியில் மலையே சரிந்து தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. மலையை வெட்டுவதில் 42க்கும் 101க்கும் என்ன வித்தியாசம் என்று அந்தச் சரிவைத்தான் கேட்க வேண்டும்.

முல்லைப்பெரியாறைச் சொல்லாமல் தேனிக்காரன் எதையும் முடிக்க முடியாது. இப்போதைய அணைக்கு 366 மீட்டர் கீழே புது அணை கட்ட கேரளம் நினைக்கிறது. கட்டுமானம் வருமா வராதா என்பது பிறகு. சண்டை ஏற்கெனவே நடப்பது ஆய்வு வரம்பு என்ற ஆரம்பப் படியில். எதையெதை ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு எழுதிக்கொடுக்கும் தாள் அது. 2018இல் கேரளத்துக்கு அது கிடைத்தது, இரு மாநிலங்களும் சுமுகமாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுபடி 2024 மே 28 அன்று குழுவின் முன் வருவதாக இருந்தது. தமிழ்நாடு முதல்வர் கடிதம் எழுத, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கொதிக்க, கூட்டம் ரத்தானது. ஆய்வு செய்யத்தானே கேட்கிறார்கள், அதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று சென்னையில் ஒரு நண்பர் கேட்டார். கேள்வித்தாளை யார் எழுதுகிறார் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அணை வலுவிழந்தது என்ற முன்முடிவோடு தொடங்கும் தாளும், 14,707 ஏக்கர் இருபோக நெல்லிலிருந்து தொடங்கும் தாளும் வேறு வேறு இடத்தில்தான் போய் முடியும். கேரளப் பக்கம் ஆற்றங்கரையில் தூங்கப் போகிறவர்களின் பயமும் பொய்யில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விடையை எழுதுகிறவர் யார் என்பது இன்னொரு கதை. மதிப்பீட்டு ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவருகிறவரேதான். திட்டம் வேண்டாம் என்று முடித்த அறிக்கை ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்தின் அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கையின் பகுதிகள் அப்படியே இருந்தது அம்பலமானது. நம் பக்கத்து அறிக்கைகளில் ரஷ்யா அளவுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இரண்டு வெவ்வேறு மலைகளுக்கு ஒரே பறவைப் பட்டியலை, ஒரே எழுத்துப்பிழையோடு பார்த்திருக்கிறேன்.

ஆகவே அறிக்கை கையில் கிடைத்தால் பின்னாலிருந்து படியுங்கள் என்றுதான் சொல்வேன். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். முடிவுரையை விட்டுவிட்டு முதலில் வரைபடத்தைப் பாருங்கள்: வட்டம் மாநில எல்லையைத் தாண்டுகிறதா, தாண்டிய பகுதியில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவா, வெறும் பச்சையாக விட்டிருக்கிறார்களா என்று. அடுத்து எந்த மாதங்களில் அளந்தார்கள் என்பது. அப்புறம் கல்லும் மணலும் தண்ணீரும் எங்கிருந்து வரும், தோண்டியது எங்கே போகும் என்பது. ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட குவாரிகளிலிருந்து’ என்று ஒரே வரியில் இருந்தால் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஓடையின் ஐப்பசிப் படம் போனில் இருந்தால் தேதியோடு இணையுங்கள்.

கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்தாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். திட்டம் நடக்கும் மாநிலத்தில் வசிக்காதவர்களும் எழுதலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே தர வேண்டும் என்கிறது.